மூட்டை அரிசி கொடுத்தேன், பக்கத்து வீட்டு அக்கா பேச்சை நிறுத்திட்டாங்க

கடலோரத்_டீச்சர் | மே 7, இரவு 9:12

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல இருந்து எழுதுறேன். பத்து நாளா மனசு சரியில்லை. யார்கிட்டயாவது கொட்டணும்னு இருக்கு.

எங்க பக்கத்து வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறவர். சொந்தப் படகு கிடையாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம்னா, அந்த வீட்டுல 61 நாளும் சம்பாத்தியம் இல்லை. நிவாரணம் 8000 ரூபாய் வரும்தான். அது கைக்கு வர்றதுக்குள்ள வாங்கின கடனே அதைத் தின்னுரும்.

ஏப்ரல் கடைசியில ஒரு சாயங்காலம் அக்கா வந்து, "டீச்சர், ரெண்டு டம்ளர் அரிசி இருக்குமா? நாளைக்குத் தந்துர்றேன்"னு கேட்டாங்க. கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அந்த வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, ஒரு வயசான அம்மா. மறுநாள் சம்பளம் போட்டாங்க. உடனே கடையில சொல்லி 25 கிலோ மூட்டையை அவங்க வீட்டுலயே இறக்கச் சொல்லிட்டேன். கொண்டுபோன பையன் தெருவுக்கே கேக்குற மாதிரி "டீச்சர் கொடுக்கச் சொன்னாக"ன்னு சத்தம் போட்டு வாசல்ல இறக்கிட்டுப் போயிருக்கான். எதிர்ல வேப்பமரத்தடியில ஏழெட்டுப் பேர் உக்காந்து கிழிஞ்ச வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அடுத்த நாள் காலையில எங்க திண்ணையில ஒரு சில்வர் கிண்ணம் இருந்தது. உள்ள ரெண்டு டம்ளர் அரிசி. அக்கா என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

அதுல இருந்து பேச்சு இல்லை. எங்க வீட்டு ஓரத்துல ஒரு கருவேப்பிலை மரம் நிக்குது. இந்த உப்புத் தண்ணிக்கு அது பிழைச்சு நிக்கிறதே பெரிய விஷயம். இத்தனை வருஷமா அக்கா கேக்காமலே கை நீட்டி ஒடிச்சுக்கிட்டுப் போவாங்க. இப்பக் கடையில காசு கொடுத்து வாங்குறாங்க. கையில கட்டோட போறதைக் கண்ணால பார்த்தேன். நான் செஞ்சதுல எது தப்பு? எப்படிச் சரி பண்ணுறது? பெரியவங்க சொல்லுங்க.

கீழக்கரை_மளிகை | மே 7, இரவு 10:05

டீச்சரம்மா, அழாதீங்க. உங்க மனசுல கள்ளம் இல்லை. ஆனா பையன் கத்தினதுதான் தப்புன்னு நினைச்சுறாதீங்க. அது பாதி.

எங்க வாப்பா காலத்துல இருந்து கடை நடத்துறோம். பற்று நோட்டு இருக்கு. தடைக்காலத்துல அந்த நோட்டு தடிக்கும். நோன்பு மாசத்துல சில பேர் வந்து, "காக்கா (அண்ணே), யாரு பேருல ரொம்ப நாளா பாக்கி நிக்குதோ அதை நான் கட்டிர்றேன், என் பேரைச் சொல்லாதீங்க"ம்பாங்க. வாங்கி வரவு வைப்பேன். அந்த வீட்டுக்காரங்க வந்தா, "கூட்டல் தப்பாப் போட்டுட்டேன், உங்க பாக்கி இவ்வளவுதான்"னு சொல்லிருவேன். வலது கை கொடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்லை. நீங்களும் அப்படி ஏதாவது கடை மூலமா செஞ்சிருக்கலாம்.

பாம்பன்காரி | மே 7, இரவு 10:31

காக்கா சொல்றதுல எனக்கு ஒரு மறுப்பு இருக்கு, கோச்சுக்காதீங்க.

எங்கம்மா கடல்ல பாசி எடுக்கப் போறவங்க. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி, தீவோரம் முங்கி முங்கி எடுக்கணும். பாறை கிழிக்காம இருக்க விரலுக்கு விரல் துணி சுத்திக்கிட்டுப் போவாங்க. கடையில பற்று வச்சா அம்மா வீட்டுச் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சுப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஒரு ரூபா தப்பாது. ஒரு தடவை கடைக்காரர் இதே மாதிரி "கூட்டல் தப்பு"ன்னு 600 ரூபாயைக் குறைச்சிருக்காரு. அம்மா வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துட்டு திரும்ப நடந்தே போயி, "தப்பு எங்கிட்ட இல்லை, உங்ககிட்டயும் இல்லை, யாரு கொடுத்தது சொல்லுங்க"ன்னு நின்னுட்டாங்க. அவரு சொல்லலை. அம்மா அதுக்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவே இல்லை.

யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம இருக்குறதும் ஒரு பாரம்தான். தெருவுல எதிர்ல வர்ற எல்லாரையும், "இவங்களா இருக்குமோ"ன்னு பார்த்துத் தலைகுனிஞ்சு நடக்கணும்.

கீழக்கரை_மளிகை | மே 7, இரவு 10:48

இதை நான் இத்தனை வருஷத்துல யோசிச்சதே இல்லை, தங்கச்சி. சில பேர் திடீர்னு கடை மாத்திக்கிட்டுப் போனாங்க. ஏன்னு தெரியாமலே இருந்தேன்.

வல்லம்_ஓட்டி | மே 8, காலை 5:50

கடல்ல இந்தப் பிரச்சினையே கிடையாது, அதைச் சொல்லலாம்னு வந்தேன். எஞ்சின் நின்னு போயி ஒரு படகு அலையில கிடந்தா, பார்த்தவன் கயித்தைப் போட்டுக் கட்டி இழுத்துட்டு வருவான். அவனுக்கு அன்னைக்குத் தொழில் போச்சு, டீசல் போச்சு. எந்த ஊரு, எந்த ஆளுன்னு கேக்க மாட்டான். காசும் வாங்க மாட்டான். வாங்குனவனுக்கும் கூச்சம் இருக்காது. ஏன்னா நாளைக்கு அவன் எஞ்சின் நிக்கும், நான் இழுப்பேன். இது எல்லாருக்கும் தெரியும்.

கரையில அப்படி இல்லை டீச்சர். உங்க எஞ்சின் எப்பவும் ஓடுதுன்னு அந்த அக்கா நினைக்கிறாக. மாசம் பொறந்தா சம்பளம். அவுக எப்ப உங்களைக் கட்டி இழுக்குறது?

(கடலுக்குப் போறவங்க வீட்டுல சுவத்துல எழுதி வைங்க: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஆள் திரும்பலைன்னா பொழுது விடியட்டும்னு காத்திருக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைக்குப் பேசத் தெரியலைன்னா நீங்க பேசிக் கொடுங்க. அதைவிடப் பெரிய உதவி அந்த நேரத்துல வேற இல்லை.)

ஓய்வு_நர்ஸ் | மே 8, காலை 11:20

வல்லம் ஓட்டுற தம்பி சரியான இடத்துல தொட்டிருக்காரு. நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுல இருந்து குழம்பு வந்தா, அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒண்ணுமே இல்லைன்னாலும் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். எங்க ஆத்தா நாலு கல் உப்பைப் போட்டு அனுப்புவா. கிண்ணம் போகும், வரும். மூட்டை அப்படித் திரும்பி வராது. 25 கிலோ மூட்டைக்கு அந்தப் பொம்பளை பதிலுக்கு எதைப் போட்டு அனுப்புவா? அதனாலதான் தனக்குத் தெரிஞ்ச கணக்கை, அந்த ரெண்டு டம்ளரை, கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டா.

இன்னொண்ணும் சொல்லணும். நான் 34 வருஷம் இந்த மாவட்டத்துல வேலை பார்த்தவள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில மனநலம் குன்றியவங்களை வச்சிருந்த ஒரு விடுதியில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியலை. இந்த மாவட்டத்துல பிறந்த எங்களுக்கு அந்தத் தேதி மறக்காது. அவங்கள்ல நிறையப் பேரை வீட்டு ஆளுங்கதான் கொண்டுவந்து விட்டாங்க, நல்லாகணும்னுதான் விட்டாங்க. இப்போ 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால கட்டக் கூடாது. ஆனா சட்டம் சங்கிலியைத்தான் எடுக்கும். பஸ்ஸுல தனியாப் பேசிக்கிட்டு வர்ற ஒருத்தர் பக்கத்துல காலியா இருக்குற சீட்டுல போய் உக்காருறதுக்குச் சட்டம் போட முடியாது.

நான் உக்காருவேன். "எங்க இறங்கணும்?"னு கேப்பேன். அவ்வளவுதான். ஒரு தடவை ஒரு அம்மா, மூணு ஸ்டாப் கழிச்சு, "நீங்க சாப்பிட்டீகளா?"ன்னு என்னைத் திருப்பிக் கேட்டாங்க. அந்தக் கேள்வி என்னைக் கலங்க வச்சுருச்சு. அவங்ககிட்ட அதை யாரும் கேட்டு எத்தனை நாளாச்சோ, ஆனா அடுத்தவங்களைக் கேக்கத் தெரியுது. வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லை, எங்க போறதுன்னு தெரியலைன்னா 14416-ங்குற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

தொண்டி_தம்பி | மே 8, மதியம் 1:15

எல்லாம் சரிங்க. ஆனா அரிசி, குழம்புன்னே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்துச்சான்னு யாராவது பார்த்தீங்களா? போன வருஷம் எங்க சித்தப்பாவுக்கு நிவாரணப் பணம் வரலை. பேங்க் கணக்குல ஆதார் இணைக்காம இருந்திருக்கு. ரெண்டு தடவை போயி, "சர்வர் இல்லை, நாளைக்கு வா"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை நான் கூடப் போனேன். ஒண்ணும் பெரிசா பேசலை, பக்கத்துல நின்னேன். அரை மணி நேரத்துல முடிஞ்சது.

சேமிப்பு நிவாரணத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. மீனவர் 1500 ரூபாய் கட்டினா அரசு 3000 சேர்த்து 4500-ஆ தொழில் இல்லாத மாசத்துல கொடுக்கும். அதுக்குப் பேர் பதிஞ்சிருக்கா, மீனவர் நலவாரிய அட்டை புதுப்பிச்சிருக்கான்னு படிச்சவங்க பார்த்துக் கொடுத்தா அது தானம் ஆகாது. அவங்க பணம் அவங்களுக்கு வருது. யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

பாம்பன்காரி | மே 8, மதியம் 1:40

இதுதான் வேணும். தம்பி, கூடப் போயி நிக்கிறது ரொம்பப் பெரிய விஷயம். அதுலயும் ஆபீஸ்ல, "இவங்களுக்கு எழுதத் தெரியாது சார்"னு நாமளே சொல்லிராம இருக்கணும். ஃபாரத்தை நாம பிடிச்சுக்கிட்டாலும், கேள்விக்குப் பதில் அவங்க வாயால வரட்டும்.

பாசி எடுக்கப் போற இடத்துல நான் பார்த்தது ஒண்ணு. சின்னப் பிள்ளையா இருந்தப்போ லீவு நாள்ல அம்மா கூடப் படகுல போவேன். கூட வர்ற ஒரு அக்காவுக்கு அப்போ அஞ்சு மாசம். முங்க முடியாது, ஆனா வீட்டுல இருக்கவும் முடியாது. படகுல ஏறுறப்பவே பெரியம்மா ஒருத்தங்க, "நீ மேல உக்காந்து எங்க சாக்கைப் பிரிச்சுக் கொடு, குப்பையைப் பொறுக்கிப் போடு"ன்னு சொல்லிட்டாங்க. திரும்பி வர்றப்போ ஒவ்வொருத்தரும் தங்க சாக்குல இருந்து ரெண்டு கை அள்ளி அந்த அக்கா சாக்குல போட்டாங்க. குப்பை பொறுக்கின கூலியாம். அந்தப் பாசியில அவ்வளவு குப்பை ஒண்ணும் கிடையாது. வேலைன்னு ஒண்ணைக் கொடுத்ததால அந்த அக்கா நிமிர்ந்து உக்காந்து வந்தாங்க.

ராமேஸ்வரம்_ஆட்டோ | மே 8, இரவு 8:02

நல்ல இழை. என் பங்குக்குச் சின்னதா. தை, ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துல கூட்டத்துல தொலைஞ்சு போற பெரியவங்க நிறைய. வடக்க இருந்து வந்தவங்க, பாஷை தெரியாது, ஈரத்துணியோட நடுங்கிக்கிட்டு நிப்பாங்க. கேள்வி மேல கேள்வி கேட்டா இன்னும் பயந்துருவாங்க. முதல்ல உக்கார வச்சு, காய்ஞ்ச துண்டு ஒண்ணு, சூடா ஒரு டீ. அதுக்கப்புறம் இடுப்புச் சுருக்குப் பையிலயோ கையிலயோ தங்குன இடத்துச் சீட்டு இருக்கான்னு அவங்களையே எடுத்துக் காட்டச் சொல்லணும். நாம பைக்குள்ள கை விட்டுறக் கூடாது. என் வண்டியில ரெண்டு துண்டு எப்பவும் கிடக்கும்.

முகாம்_மகள் | மே 8, இரவு 10:26

நான் மண்டபம் அகதி முகாமில வளர்ந்தனான். 1990-ல இலங்கையில தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில வந்து இறங்கேக்க எனக்கு ஏழு வயசு. அந்த நேரம் கன சனம் வந்தது. எங்களுக்கு உதவி செய்த ஆக்கள் கனபேர், சாப்பாடு, உடுப்பு எல்லாம் கிடைச்சது, ஒண்டையும் குறை சொல்லேலாது. ஆனா எனக்கு முகமே ஞாபகமில்லாத ஒரு பெண்மணியை மட்டும் இன்னும் மறக்கேலாமல் கிடக்கு.

அம்மாவின்ர தலைமயிர் உப்புத்தண்ணியில விறைச்சுப் போய்ச் சடையாகிக் கிடந்தது. எல்லாரும் வந்து, "என்ன நடந்தது? யார் செத்தது? எப்பிடி வந்தனீங்கள்?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவை. பரிதாபத்திலதான் கேட்டவை. அம்மா ஒவ்வொருக்காவும் முதல்ல இருந்து சொல்லிச் சொல்லி அழுவா. அந்தப் பெண்மணி மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. ஒரு சின்னப் போத்தலில தேங்காயெண்ணெயும் ஒரு சீப்பும் கொண்டுவந்து அம்மாவுக்குப் பின்னால குந்தியிருந்து, நுனியில இருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தவ. ஒரு மணித்தியாலம் இருக்கும். இழுபடேக்க, "நோகுதா?" எண்டு மட்டும் கேட்டவ. அம்மா அண்டைக்குத்தான் நித்திரை கொண்டவ.

அந்தச் சீப்பு இப்பவும் எங்கட வீட்டில இருக்கு. நாலு பல்லு போயிட்டுது.

டீச்சர், நீங்கள் அக்காவிட்டப் போய் மன்னிப்புக் கேக்கப் போறன் எண்டு அவவை இன்னொருக்கா அந்த மூட்டையைப் பற்றிக் கதைக்க வைக்காதேங்கோ.

கடலோரத்_டீச்சர் | மே 9, இரவு 9:30

எல்லாரோட பதிலையும் ரெண்டு தடவை படிச்சேன். முகாம் மகள் எழுதினதைப் படிச்சு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும்னுதான் இருந்தேன். இனி கேக்கப் போறதில்லை.

"அவுக எப்ப உங்களைக் கட்டி இழுக்குறது"ன்னு கேட்டீங்களே அண்ணே, அது உள்ள குத்திக்கிட்டே இருக்கு. யோசிச்சுப் பார்த்தா நான் அக்காகிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லை. கொடுத்துப் பழகிட்டேன், அதுல ஒரு சுகமும் இருந்திருக்கு. உண்மையில எனக்கு இப்ப ஒரு தேவை இருக்கு. என் தங்கச்சி பிள்ளை பெத்து எங்க வீட்டுலதான் இருக்கா, இன்னைக்கு 22-ஆவது நாள். பால் பத்தலைன்னு பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு. டாக்டரம்மா பார்த்துட்டு, அடிக்கடி பிள்ளையைப் போடு, நல்லாச் சாப்பிடுன்னு சொன்னாங்க. அம்மா பால்சுறாப் புட்டு செஞ்சு கொடுக்கச் சொல்றாங்க. அம்மாவுக்குக் கை நடுக்கம். எனக்குச் சுறா சுத்தம் பண்ணத் தெரியாது. அந்தத் தெருவுலயே பக்கத்து வீட்டு அக்கா கைப்பக்குவம்தான் பேர் போனது.

கேக்கலாமா? இப்ப கேட்டா, அரிசி கொடுத்துட்டு வேலை வாங்குறா மாதிரி ஆகிருமோன்னு பயமா இருக்கு.

ஓய்வு_நர்ஸ் | மே 9, இரவு 9:47

கேளும்மா. ஆனா ஆள் விட்டுக் கூப்பிடாத, நீயே போ. வேலைக்குக் கூப்பிடுற மாதிரி இல்லாம, தெரியாதவ தெரிஞ்சவகிட்டக் கேக்குற மாதிரி கேளு. காசுப் பேச்சு எடுக்காத.

தங்கச்சிக்குத் தண்ணி நிறையக் கொடு, ராத்திரியில நீ பிள்ளையை வாங்கிக்கிட்டு அவளைத் தூங்க விடு. பால் ஊற அதுவும் முக்கியம்.

வல்லம்_ஓட்டி | மே 9, இரவு 10:10

தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப் படகு போய்க்கிட்டுத்தான் இருக்கு. விடியக்காலையில கரைக்குப் போனா சின்னச் சுறா கிடைக்கும். பெரிசு வேண்டாம், சதை முறுக்கா இருக்கும்.

கடலோரத்_டீச்சர் | மே 13, இரவு 8:55

நேத்துப் போனேன். கதவைத் தட்டுறப்போ கை வியர்த்துப் போச்சு. அக்கா திறந்துட்டு ஒண்ணும் பேசாம நின்னாங்க. "அக்கா, தங்கச்சிக்குப் பால் பத்தலை. சுறா வாங்கி வச்சுட்டுத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கேன்"னு சொன்னேன். அவ்வளவுதான் வாயில வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "சுறா எம்புட்டுப் பெரிசு?"ன்னாங்க. கையை விரிச்சுக் காட்டினேன். "ஐஸ்ல வச்சீகளா?" "இல்லைக்கா, காலையில வாங்கினது." முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு எனக்கு முன்னாடி நடந்தாங்க.

மஞ்சத்தூள் போட்டு வேக வச்சாங்க. வெந்ததும் சூடு ஆறுறதுக்குள்ள மேல்தோலை விரலாலயே உரிச்சு, அந்த மணல் மாதிரி இருக்குற சொரசொரப்பு ஒரு பொட்டு இல்லாம வழிச்சு எடுத்தாங்க. "இது ஒண்ணு பல்லுல பட்டாலும் பிள்ளை பெத்தவ சாப்பிட மாட்டா"ன்னாங்க. சதையை உதிர்த்து, கையில வச்சுத் தண்ணியில்லாம பிழிஞ்சு, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வதக்கி, உதிர் உதிரா வர்ற வரைக்கும் கிளறினாங்க. கருவேப்பிலை நான்தான் போய் ஒடிச்சுட்டு வந்தேன். அக்கா மரத்துப் பக்கம் போகலை.

தங்கச்சிக்கு ஊட்டிட்டுப் பிள்ளையை மடியில வாங்கி, எப்படிப் போட்டா நல்லாப் பிடிக்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. கிளம்புறப்போ என்னைப் பார்த்து, "இப்படியா வச்சிருப்பீக பச்ச உடம்புக்காரிய"ன்னு ஒரு அதட்டல். திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை.

மூட்டையைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை. நிவாரணம் ஏறிருச்சான்னு தொண்டித் தம்பி கேக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் கேக்கலை. இன்னும் நாலு நாள் போகட்டும்.

தொண்டி_தம்பி | மே 13, இரவு 9:20

ரொம்பத் தள்ளிப் போடாதீங்க டீச்சர், அவ்வளவுதான் சொல்வேன். அக்காகிட்டக் கூச்சமா இருந்தா அண்ணன்கிட்டக் கேளுங்க.

கீழக்கரை_மளிகை | மே 14, காலை 7:00

நான் ஒரு முடிவு பண்ணிருக்கேன். அடுத்த தடவை யாராவது பாக்கி கட்ட வந்தா, வாங்குறவங்ககிட்ட, "ஒருத்தங்க கொடுத்தாங்க, நீங்களும் முடியுறப்போ இன்னொருத்தர் பேருல ஏதாவது கட்டுங்க"ன்னு நேராச் சொல்லிரப் போறேன். பத்து ரூபாயா இருந்தாலும் நோட்டுல ஏத்துவேன். பொய்க் கணக்கு இனி எழுத மாட்டேன். பாம்பன்காரித் தங்கச்சியோட உம்மா இருக்காங்களா? என் சலாம் சொல்லுங்க.

பாம்பன்காரி | மே 14, காலை 7:35

இருக்காங்க காக்கா. இன்னைக்கும் சுவத்துலதான் கணக்கு. சொல்லிர்றேன்.

கடலோரத்_டீச்சர் | மே 18, காலை 6:40

அண்ணன் நேத்துத் தானாவே பேங்க் புத்தகத்தை எடுத்துட்டு வந்து, "இதுல என்ன போட்டிருக்கு பாருங்க டீச்சர்"னு கொடுத்தாரு. பணம் இன்னும் ஏறலை. திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து பேங்குக்குப் போறோம். தம்பி, என்னென்ன தாள் கொண்டு போகணும்னு எழுதுங்க.

இப்பத்தான் வாசல் தெளிக்கப் போனேன். கருவேப்பிலை மரத்துல, அக்கா வீட்டுப் பக்கம் சாய்ஞ்சிருக்குற கொப்புல, ஒரு இணுக்கு புதுசா ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்ச இடம் இன்னும் பச்சையா, ஈரமா இருக்கு.